பல்மருத்துவ பீட அனுமதி: ஊவா மாணவர்க்கான வழிகாட்டலும் மாதிரிப் பாடமும்



"பல்வைத்தியராக வருவதற்கு எந்தப் பரீட்சை எழுத வேண்டும் சேர்?" பதுளை, மொனராகலை மாவட்டங்களில் கருத்தரங்குகள் நடைபெறும் போதெல்லாம் பின்வரிசையிலிருந்து இக்கேள்வி எழுவதுண்டு. இந்தியாவில் நீட் என்றொரு பரீட்சை இருப்பதாகக் கேள்விப்பட்டிருப்பார்கள். அமெரிக்காவிலும் பல்மருத்துவத்துக்கெனத் தனியான அனுமதிப் பரீட்சை உண்டு. ஆகவே இங்கும் அப்படி ஏதோ ஒன்று கொழும்பிலோ கண்டியிலோ நடப்பதாகவும், அதற்குப் பெரிய நகரத்து வகுப்புகள் தேவை என்றும் எண்ணிவிடுகிறார்கள்.

அப்படி ஒரு பரீட்சை இலங்கை அரச பல்கலைக்கழகங்களுக்கு இல்லை. உங்கள் பாடசாலை மண்டபத்தில் அமர்ந்து எழுதும் க.பொ.த. (உயர் தரம்) பரீட்சையே பல்மருத்துவ பீடத்துக்கான அனுமதிப் பரீட்சை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களிலும் சித்தியடைய வேண்டும். பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தவருக்கு வேறு பல கற்கைநெறிகள் திறந்திருக்கும், பல்மருத்துவம் திறந்திராது. பத்தாம், பதினோராம் ஆண்டுகளில் இருப்போர் இதனை இப்போதே குறித்துக் கொள்க. உயர்தரத்தில் சேர்ந்த பின் "பௌதிகவியலுக்குத் தமிழில் ஆசிரியர் இல்லை, அதனால் பாடத்தை மாற்றினேன்" என்று கூறும் மாணவர்களை ஒவ்வொரு வருடமும் சந்திக்கிறோம். ஆசிரியர் இல்லாமை அவர்களது குற்றமன்று. ஆயினும் அந்த ஒரு மாற்றத்துடன் பல்மருத்துவத்தின் வாசல் மூடப்பட்டுவிடுகிறது.

மூன்று பாடங்களுக்கு மேலதிகமாகப் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகள் பெறவேண்டும். சிறிய நிபந்தனைதான். சிறியது என்பதாலேயே சிலர் அதனை மறந்துவிடுகிறார்கள்.

நாட்டில் பல்மருத்துவக் கல்வி 1943இல் கொழும்பில், மருத்துவ பீடத்தின் ஒரு பகுதியாக ஆரம்பமாகிப் பின்னர் பேராதனைக்கு மாற்றப்பட்டது. இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்திலும் பல்மருத்துவ பீடங்கள் உள்ளன. மருத்துவத்துடன் ஒப்பிடுகையில் இடங்கள் குறைவு. எனவே இசட் புள்ளியின் நான்காம் தசம தானம்கூட ஒருவரை உள்ளே எடுக்கவும் வெளியே நிறுத்தவும் கூடும்.

இசட் புள்ளி என்றால் என்ன?

2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி பயன்படுத்தப்படுகிறது. அதற்கு முன்னர் பாடங்களின் புள்ளிகளைக் கூட்டி மொத்தத்தையே பார்த்தனர். இலகுவான வினாத்தாளில் பெற்ற 70உம் கடினமான வினாத்தாளில் பெற்ற 70உம் சமமாகக் கொள்ளப்பட்டன. இசட் புள்ளி கேட்கும் கேள்வி வேறு: இப்பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடனும் ஒப்பிடும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

இசட் புள்ளி = (உங்கள் புள்ளி − அப்பாடத்தின் இடை) ÷ நியம விலகல்

மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கணித்து, அவற்றின் சராசரி எடுக்கப்படும். ஒப்பிடப்படும் கூட்டம் எது என்பதும் முக்கியமானது. 2011 பரீட்சைக்குப் பழைய, புதிய பாடத்திட்டங்களில் தோற்றியோரை ஒன்றாகச் சேர்த்துக் கணித்தமை பெரும் சர்ச்சையாகி, 2012இல் உயர் நீதிமன்றம் வரை சென்றதை உங்கள் மூத்தோர் அறிவர்.

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. ஒரு மாணவி உயிரியலில் 72 பெற்றாள். இடை 48, நியம விலகல் 16. அவளது இசட் 24 ÷ 16 = 1.5. இரசாயனவியலில் 60 பெற்றாள். இடை 40, நியம விலகல் 16. இசட் 1.25. பௌதிகவியலில் 40 பெற்றாள்; இடை 34, நியம விலகல் 15. இசட் 0.4. மூன்றினதும் கூட்டுத்தொகை 3.15, சராசரி 1.05.

அவள் இரண்டாம் தடவை தோற்ற எண்ணுகிறாள். மேலும் எட்டுப் புள்ளிகளை எங்கே தேடுவது? உயிரியலில் 80 எடுத்தால் அப்பாட இசட் 2.0 ஆகும், சராசரி 0.1667 உயரும். பௌதிகவியலில் 48 எடுத்தால் அப்பாட இசட் 0.9333 ஆகும், சராசரி 0.1778 உயரும். இலாபம் ஏறக்குறையச் சமம், உழைப்போ சமமன்று. 72இலிருந்து 80க்கு ஏறுவோர் ஏற்கெனவே தெரிந்தவற்றுக்குள் நுணுக்கங்களைத் தேடவேண்டும். 40இலிருந்து 48க்கு ஏறுவோர் இதுவரை தொடாத ஓர் அலகைப் படித்தாலே போதும். நமது மாணவர்கள் பெரும்பாலும் இதற்கு மாறாக நடக்கிறார்கள். உயிரியல் பிடிக்கும், தமிழில் குறிப்புகள் கிடைக்கும், மனனம் செய்யலாம். ஆகவே அதையே திரும்பத் திரும்பப் படித்து, பௌதிகவியலைக் கடைசி மாதத்துக்கு ஒத்திவைக்கிறார்கள்.

பசறைப் பக்கத்து மாணவி ஒருத்தி உயிரியல் நூலின் பக்க எண்ணைக் கூறினால் அதிலுள்ள படத்தைக் கண்மூடி வரைவாள். அவளது பௌதிகவியல் கொப்பியில் முதல் இரண்டு அலகுகளுக்குப் பின் வெற்றுத் தாள்களே இருந்தன. இரண்டாம் தடவை அவள் செய்தது ஒன்றுதான். காலையில் விழித்த முதல் ஒரு மணித்தியாலத்தைப் பௌதிகவியல் கணக்குகளுக்கு ஒதுக்கினாள். வேறெதையும் மாற்றவில்லை.

உங்கள் மாவட்டம்

பல்மருத்துவம் உட்பட இத்துறைகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படும். 55 சதவீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகை விகிதப்படி பகிரப்படும். எஞ்சிய 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கியவை எனக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்குரியது. பதுளை, மொனராகலை ஆகிய இரண்டும் இப்பதினாறில் அடங்கும். அதாவது மொனராகலை மாணவர் ஒருவரின் போட்டி, பெரும்பாலும் தன் மாவட்டத்தில் அதே பாடங்களை எழுதும் மாணவர்களுடன்தான். கொழும்பின் பெரிய பாடசாலைகளை நினைத்து அஞ்சி விண்ணப்பிக்காமலே விடுவது அறியாமை.

மொனராகலையிலிருந்து தமிழ்மொழி மூல விஞ்ஞானப் பிரிவைத் தேடிப் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ அதற்கப்பாலோ செல்வோர் ஒரு விடயத்தை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தைப் பிறந்த இடம் தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முன்னரான மூன்று வருட காலத்தில் எம்மாவட்டப் பாடசாலையில் கற்றீர்கள் என்பதே முதலில் நோக்கப்படும். பாடசாலை மாறும்போது விடுகைப் பத்திரத்தில் திகதிகள் சரியாக உள்ளனவா எனப் பாருங்கள். பிரதியொன்றை வீட்டில் வையுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடந்தோறும் வெளியிடும் அனுமதிக் கைநூலில் இதுபற்றிய பகுதியைப் பெற்றோருடன் அமர்ந்து வாசித்த பின்னரே முடிவெடுங்கள். வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்தைத் தேடிப் பாடசாலை மாறுமாறு நாம் கூறவில்லை. நல்ல பௌதிகவியல் ஆசிரியர் இருக்கும் இடத்தைத் தேடி மாறுவதே நியாயமான காரணம்.

விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை எழுதும் ஒழுங்கும் கவனத்துக்குரியது. உங்கள் புள்ளி எட்டக்கூடியவற்றில் நீங்கள் முதலில் எழுதியதே கிடைக்கும். அயலவர் கூறியதற்காக ஒழுங்கை மாற்றிப் பின்னர் வருந்தியோர் உளர்.

ஒரு பல், மூன்று பாடங்கள்

இனிப் பாடத்துக்கு வருவோம். மூன்று பாடங்களையும் மூன்று தனித்தனிச் சுமைகளாகக் கருதுவதால்தான் களைப்பு வருகிறது. ஒரு மனிதப் பல்லை எடுத்துக்கொண்டு, மூன்று வினாத்தாள்களும் அதைப்பற்றி என்ன கேட்கக்கூடும் என நோக்குவோம்.

உயிரியல். நிரந்தரப் பற்கள் 32. தாடையின் ஒரு பாதியில் 2 வெட்டும் பற்கள், 1 வேட்டைப் பல், 2 முன்கடைவாய்ப் பற்கள், 3 கடைவாய்ப் பற்கள். மொத்தம் எட்டு, நான்கு பாதிகளில் 32. பாற்பற்களில் இவ்வொழுங்கு 2, 1, 0, 2, ஆகவே 20. பல்லின் முடியை மூடியிருப்பது மிளிரி எனப்படும் எனாமல். உடலில் மிகக் கடினமான பொருள் இதுவே. அதன் கீழ் பன்முதல், அதனுள் குருதிக் கலன்களும் நரம்புகளும் கொண்ட மச்சை. பல் வெளிவந்த பின் மிளிரியை ஆக்கும் கலங்கள் எஞ்சியிருப்பதில்லை. ஆகவே மிளிரியில் குழி விழுந்தால் எலும்பு பொருந்துவதுபோல் அது தானே வளர்ந்து மூடாது. இந்த ஒரு காரணத்தைச் சரியாக எழுதும் மாணவர் குறைவு.

இரசாயனவியல். மிளிரியின் பிரதான பதார்த்தம் ஐதரொட்சி அப்பற்றைற்று. இதன் ஓர் அலகில் 10 கல்சியம் அயன்கள், 6 பொசுபேற்று அயன்கள், 2 ஐதரொட்சைட்டு அயன்கள் உள்ளன. ஏற்றங்களைக் கூட்டிப் பாருங்கள்: நேர் 20, மறை 18 உடன் 2, அதுவும் 20. இத்திண்மம் உமிழ்நீரிலுள்ள தன் அயன்களுடன் சமநிலையில் இருக்கிறது. வாயிலுள்ள பற்றீரியாக்கள் சீனியை நொதிக்கச் செய்து இலற்றிக்கமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலத்தின் ஐதரசன் அயன்கள் ஐதரொட்சைட்டையும் பொசுபேற்றையும் பிடித்துக்கொள்ளும். கரைசலில் அவற்றின் செறிவு குறையும். சமநிலை கரையும் பக்கத்துக்கு நகரும். பல் கரைகிறது. இது நிகழத் தொடங்கும் பிஎச் பெறுமானம் அண்ணளவாக 5.5. உமிழ்நீரின் பிஎச் 7 எனக் கொண்டால், 7இலிருந்து 5.5க்கு இறங்கும்போது ஐதரசன் அயன் செறிவு பத்தின் 1.5ஆம் அடுக்கு மடங்கால், அதாவது ஏறக்குறைய 32 மடங்கால் கூடுகிறது. ஒன்றரை என்பது சிறிய எண் என நினைத்துவிட வேண்டாம்.

மலைக்கு ஏறும் போதும் இறங்கும் போதும் சீனி போட்ட தேநீர் குடிப்பது நமது தோட்டங்களில் வழக்கம். ஒரே தடவையில் உண்ட சீனியை விட, நாள் முழுவதும் சிறிது சிறிதாக வாயில் சேரும் சீனி பற்களுக்குக் கூடிய கேடு செய்வது ஏன் என்பதை இச்சமநிலையைக் கொண்டே விளக்கலாம். ஒவ்வொரு தடவையும் பிஎச் இறங்கி மீள ஏறுவதற்கு நேரம் எடுக்கிறது. ஏறுமுன் அடுத்த கோப்பை வந்துவிடுகிறது.

புளோரைட்டு இங்கேதான் வருகிறது. ஐதரொட்சைட்டின் இடத்தைப் புளோரைட்டு அயன் பிடித்தால் புளோரப்பற்றைற்று உண்டாகும். இது அமிலத்தில் இலகுவில் கரையாது. பிஎச் ஏறக்குறைய 4.5க்கு இறங்கிய பின்னரே கரையத் தொடங்கும். பற்பசையில் புளோரைட்டு சேர்ப்பதன் காரணம் இது. ஆனால் மொனராகலை உட்பட உலர்வலய மாவட்டங்களின் சில இடங்களில் நிலத்தடி நீரிலேயே புளோரைட்டு அளவுக்கு மீறி உள்ளது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வெப்பமான நாட்டில் மக்கள் கூடுதலாக நீர் அருந்துவதால் இலங்கையின் குடிநீர் நியமம் 1.0 மில்லிகிராம் என இறுக்கமாக உள்ளது. பல் உருவாகும் சிறுவயதில் இவ்வெல்லையைத் தாண்டிய நீரை நீண்டகாலம் அருந்தினால், முளைக்கும் பற்களில் வெண்திட்டுக்களும் கபில நிறக் கறைகளும் தோன்றும். இதனைப் பற்புளோரோசிசு என்பர். உங்கள் வகுப்பிலேயே இத்தகைய பற்களை உடைய நண்பர் இருக்கலாம். அவர் பல் துலக்காதவர் அல்லர். அவரது கிணறுதான் காரணம். கேலி செய்வோருக்கு இரசாயனவியல் தெரியாது என்பதே பொருள்.

பௌதிகவியல். கீழ்த்தாடை ஒரு மூன்றாம் வகை நெம்பு. காதுக்கு முன்னாலுள்ள மூட்டு பொறுதி. மெல்லும் தசை தருவது எத்தனம். பல்லுக்கிடையிலுள்ள உணவு சுமை. தசை மூட்டிலிருந்து 4 சென்ரிமீற்றர் தூரத்தில் 600 நியூற்றன் விசையைச் செங்குத்தாக மேல்நோக்கித் தருகிறது எனக் கொள்வோம். கடைவாய்ப் பல் 6 சென்ரிமீற்றரிலும் வெட்டும் பல் 10 சென்ரிமீற்றரிலும் உள்ளன. மூட்டைப் பற்றித் திருப்பங்களைச் சமப்படுத்தினால், கடைவாய்ப் பல்லில் 600 × 4 ÷ 6 = 400 நியூற்றன்; வெட்டும் பல்லில் 600 × 4 ÷ 10 = 240 நியூற்றன். பாக்கை ஏன் முன்பல்லால் அல்லாமல் கடைவாயால் உடைக்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். கடைவாயால் கடிக்கையில் மூட்டில் தாக்கும் விசை 600 − 400 = 200 நியூற்றன், கீழ்நோக்கி. முன்பல்லால் கடிக்கையில் 360 நியூற்றன். இறுதிப் படியான இம்மூட்டு விசையைக் காணாமல் விடுவதாலேயே பலர் புள்ளி இழக்கின்றனர்.

பாக்கு என்றதும் மற்றொன்று. 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேராத பாக்கையும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் சேர்த்தது. இலங்கை ஆண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்னணியில் உள்ளது. குளிரிலும் பசியிலும் வெற்றிலை போட்டுக்கொண்டே கொழுந்து பறிக்கும் தாய்மாரின் வாயை அவர்களது மொழியிலேயே பேசிப் பரிசோதிக்கும் பல்வைத்தியர் தேவை. இதைப் பரீட்சையில் கேட்க மாட்டார்கள்.

விடை எழுதும் முறை

உயிரியல் பகுதி I இல் ஐந்து தெரிவுகளுடைய 50 பல்தேர்வு வினாக்கள், 2 மணித்தியாலம். பகுதி II இல் 3 மணித்தியாலம். அமைப்புக் கட்டுரை வினாக்கள் நான்கும் கட்டாயம், கட்டுரை வினாக்கள் ஆறில் நான்கு. நீட் பரீட்சைக்கான இந்திய நூல்கள் சிலரது கையில் உள்ளன. பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். ஆயினும் அங்கே நான்கு தெரிவுகள், 180 வினாக்கள், 720 புள்ளிகள். பிழையான விடைக்கு ஒரு புள்ளி கழிக்கப்படும். நமது பரீட்சையில் பிழைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை, எனவே ஒரு வினாவையும் வெறுமையாக விடாதீர்கள். அங்கே கட்டுரை எழுத வேண்டியதில்லை. இங்கே பாதிப் போராட்டம் கட்டுரையில்தான்.

கட்டுரை வினாவின் புள்ளித் திட்டத்தைப் பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளிற் பாருங்கள். ஒவ்வொரு சரியான தகவலுக்கும் குறித்த புள்ளி. அழகான முன்னுரைக்கு ஒன்றுமில்லை. "பல் மனிதனுக்கு மிகவும் இன்றியமையாத உறுப்பாகும். சொல் போனால் போகும், பல் போனால் வராது" எனத் தொடங்கிய விடையொன்றைத் திருத்தியிருக்கிறேன், ஐந்து வரிகளில் ஒரு தகவலும் இல்லை. "முடி மிளிரியால் மூடப்பட்டுள்ளது. மிளிரி கலங்களற்றது. அதன் கீழ் பன்முதல் உண்டு. பன்முதல் மச்சைக் குழியைச் சூழ்ந்துள்ளது. மச்சையில் குருதிக் கலன்கள் உண்டு. நரம்புகளும் உண்டு." இது வறண்ட நடைதான். ஆனால் ஆறு தகவல்கள். பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் ஆங்கிலத்திலாகையால், ஒவ்வொரு தமிழ்க் கலைச்சொல்லுக்கும் எதிரே ஆங்கிலச் சொல்லைக் கொப்பியின் ஓரத்தில் இன்றே எழுதத் தொடங்குங்கள். பேராதனைக்குச் சென்ற முதல் மாதத்தில் அது கைகொடுக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. பாற்பற்களுக்கும் நிரந்தரப் பற்களுக்கும் இடையே எண்ணிக்கையிலுள்ள வேறுபாடு யாது? பாற்பற்களில் எவ்வகைப் பல் இல்லை?

2. வாயின் பிஎச் 6.5இலிருந்து 5.5க்கு இறங்கினால் ஐதரசன் அயன் செறிவு எத்தனை மடங்காகும்?

3. கிணற்று நீர் மாதிரியொன்றில் லீற்றருக்கு 1.9 மில்லிகிராம் புளோரைட்டு உண்டு. புளோரீனின் சார் அணுத்திணிவு 19. செறிவை லீற்றருக்கு மூலில் காண்க. இந்நீர் இலங்கை நியமத்துக்கு உட்பட்டதா?

4. மூட்டிலிருந்து 4 சென்ரிமீற்றரில் 450 நியூற்றன் எத்தனம். 9 சென்ரிமீற்றரிலுள்ள பல்லில் கடிவிசையையும் மூட்டிலுள்ள விசையையும் காண்க.

5. ஒரு பாடத்தின் இடை 43, நியம விலகல் 15. 55 புள்ளி பெற்றவரின் இசட் புள்ளி யாது?

விடைகள்: (1) 12, முன்கடைவாய்ப் பல். (2) 10 மடங்கு. (3) லீற்றருக்கு 0.0001 மூல், இல்லை. (4) 200 நியூற்றன். 250 நியூற்றன் கீழ்நோக்கி. (5) 0.8.